அம்மா படித்துக் காட்டிய தாள்

எங்கள் அம்மா எங்களை விட்டுப் பிரிந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. நினைவுத் திருப்பலியில் கலந்துகொண்டு, கோயில் வாசலில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம்.

இதை அம்மாவின் ஒரே மகளாகிய நான் எழுதுகிறேன். பாண்டிச்சேரியில் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் வேலை செய்கிறேன். எதையும் வரிசைப்படுத்தி எழுதினால்தான் எனக்குப் பிடிபடும். அம்மாவின் வாழ்க்கைக்கும் பிறப்பு, படிப்பு, தொண்டு, திருமணம், வேலை, நோய், மறைவு என்று ஏழு தலைப்புகள் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தேன். 'தொண்டு' என்ற இடத்தில் எழுத்து நின்றது. அதைத் தாண்டிப் போனால் 'நோய்' என்ற இடத்தில் மறுபடியும் நின்றது. இரண்டு இடத்திலும் என்னைத் தடுத்தது ஒரே விஷயம். அதை மறைத்துவிட்டு நல்லதாக நாலு வரி எழுது என்று சித்தி சொன்னார். என்னால் முடியவில்லை. எனக்குத் தெரிந்ததைத் தெரிந்தபடியும், தெரியாததைத் தெரியாது என்றும் எழுதுகிறேன்.

அம்மா மயிலத்திற்கு அருகில் ஒரு சிற்றூரில் பிறந்தார். அவருடைய பெற்றோர் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கும் நாட்களில் பள்ளி விட்டு வந்ததும் அம்மாவும் காய் ஆயப் போவார். உடன்பிறந்தவர் ஒரே தங்கை, என் சித்தி. அண்ணன் தம்பி கிடையாது. பத்தாம் வகுப்பு முடித்ததும் திண்டிவனத்தில் கன்னியர் நடத்திய தையல் வகுப்பில் சேர்ந்தார்.

இலங்கைக்குப் போன நம் அமைதிப் படையில் காயம்பட்டவர்களைச் சென்னைக்குக் கொண்டுவந்துகொண்டிருந்த காலம் அது. தையல் வகுப்பை நடத்திய சிஸ்டர் ஒரு நாள் வகுப்பில் நின்று கேட்டிருக்கிறார். சென்னையில் ஒரு மருத்துவமனையில் அந்த வீரர்களுக்காக வார்டு ஒதுக்கியிருக்கிறார்கள், உதவிக்கு ஆள் போதவில்லை, சம்பளம் இல்லை, சாப்பாடும் தங்க இடமும் உண்டு, யார் வருகிறீர்கள் என்று. நான்கு பெண்கள் கை தூக்கினார்கள். அம்மாவுக்கு அப்போது பத்தொன்பது வயது.

வீட்டில் நடந்த சண்டையைச் சித்தி சொல்லிக் கேட்டிருக்கிறேன். பெரியப்பா முறையில் ஒருவர் வந்து வாசலிலேயே நின்று கேட்டாராம்.

"அங்க நம்ம ஜனங்களும்தான சாவுது? நீ போயி யாருக்குக் கஞ்சி ஊத்தப் போற?"

"எனக்குத் தெரியல பெரிப்பா. தூக்கின கைய எறக்க வெக்கமா இருக்குது."

இந்தப் பதிலுக்கு மேல் அம்மா எப்போதும் எதுவும் சேர்த்துச் சொன்னதில்லை. நான் கல்லூரியில் படிக்கும்போது அதே கேள்வியைக் கேட்டேன். அப்போதும் தெரியாது என்றுதான் சொன்னார்.

உறவினர்களில் பலர் அம்மாவை நர்ஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் நர்ஸ் இல்லை. ஊசி போட்டதில்லை, மருந்து கொடுத்ததில்லை. கஞ்சி ஊட்டினார், முகம் துடைத்தார், விரிப்பு மாற்றினார், துவைத்துக் காய்ந்த கட்டுத்துணிகளைச் சுருட்டினார். கை அடிபட்டவர்களுக்காகக் கடிதம் எழுதினார். பாதிப் பேரின் மொழி இவருக்குத் தெரியாது. வடக்கத்தி வீரர் ஒருவர் ரசத்தை மருந்து என்று நினைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்துவிட்டு, ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்று விரலைக் காட்டிக் கேட்பாராம். அம்மா மூன்று விரல் காட்டுவாராம்.

போகும்போது சிஸ்டர் மூன்று விதிகளைச் சொல்லி அனுப்பினார். வார்டுக்குள் அழக் கூடாது. கெட்ட செய்தியை நாம் சொல்லக் கூடாது, அது டாக்டருடைய வேலை. படிக்க முடியாத நிலையில் இருப்பவருக்காக எழுதும் தாள், அவர் கைநாட்டு வைக்கும் தாள், எதுவானாலும் முதலிலிருந்து கடைசி வரை படித்துக் காட்டிய பிறகே மூட வேண்டும். மூன்று மாதத்துக்கு என்று போனவர் எட்டு மாதம் இருந்தார்.

அங்கேதான் கண்டாச்சிபுரம் மாமா எங்களுக்குக் கிடைத்தார். அவரை உங்கள் எல்லோருக்கும் தெரியும். உரக்கடை வைத்திருப்பவர், வலது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால் பொருத்தியவர். நம் வீட்டு விசேஷம் எதிலும் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவர். அவர் ரத்த உறவு இல்லை என்பது இளையவர்களில் சிலருக்குத் தெரியாமல்கூட இருக்கலாம். அப்போது அவர் அந்த வார்டில் கிடந்த இருபத்திரண்டு வயது வீரர். இரண்டு கையிலும் கட்டு. காலில் குண்டுச் சிதறல்கள் ஏறிய இடங்கள் சீழ் வைத்திருந்தன.

அந்தக் காலை எடுத்த கதையை மாமா சொல்லாத கல்யாணம் இல்லை.

"டாக்டர் கேட்டாரு, காலா உயிரான்னு. நான் இன்னா சொன்னேன்? எடுத்துருங்க சார், இனிமே செருப்பு ஒத்தையா வாங்குனாப் போதும்னேன்!"

எல்லோரும் சிரிப்போம். அந்த நேரத்தில் அம்மா அங்கே இருக்கமாட்டார். இலை போதுமா பார்க்கிறேன், ரசம் சூடாக இருக்கிறதா பார்க்கிறேன் என்று எழுந்து போய்விடுவார். கதை அலுத்துப்போய் எழுந்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

அம்மாவின் திருமணத்தில் பிறந்த வீட்டு அண்ணன் செய்ய வேண்டியதை மாமாதான் செய்தார். எனக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடிக்கு ஆள் வேண்டும். மாமா உட்கார்ந்தார். கூட்டத்தில் யாரோ, "ஒத்தக் காலு மடியில கொழந்த நிக்குமா, உருண்டுடப் போவுது" என்று முணுமுணுத்திருக்கிறார்கள். அதற்கு மாமா, "கொழந்த எட்டி ஒதைச்சா எனக்கு வலிக்காதுல்ல, அதான் என்னைக் கூப்ட்டுக்கினு வந்தாங்க" என்றாராம்.

திருமணத்திற்குப் பிறகு அம்மா விழுப்புரத்தில் வாழ்ந்தார். அப்பா பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அம்மா அங்கன்வாடியில் வேலை பார்த்தார். நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் அப்பா மாரடைப்பில் இறந்தார். அதன் பிறகு அம்மா பட்ட சிரமங்களை நீங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். என் படிப்பை நிறுத்தச் சொன்னவர்களிடம் அவர் சண்டை போட்டதில்லை. காதில் விழாதது போலக் கீரை ஆய்ந்துகொண்டிருப்பார்.

எங்கள் தெருவில் யார் வீட்டுக்குப் பத்திரமோ பள்ளி நோட்டீஸோ ஆஸ்பத்திரிச் சீட்டோ வந்தாலும் அம்மாவிடம் கொண்டுவருவார்கள். முழுவதும் படித்துக் காட்டாமல் யாரையும் கையெழுத்துப் போட விடமாட்டார். "அடியில சின்ன எழுத்துல இருக்குது பாரு, அதையும் கேட்டுட்டுப் போ" என்று வாசலுக்குப் போனவரைத் திரும்பக் கூப்பிடுவார். இதை அம்மாவின் நற்பண்புகளில் முதலாவதாக எழுதி வைத்திருந்தேன். இப்போது அது பண்பா, பரிகாரமா என்று எனக்குத் தெரியவில்லை.

சென்ற ஆண்டு அம்மாவின் இடது காலில் ஒரு கொப்புளம் வந்தது. சர்க்கரை நோய் பத்து வருடமாக இருந்தது. அங்கன்வாடியில் மூட்டை இடித்த காயம் என்று நினைத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். என்னிடம் காட்டியபோது இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். நான்காம் நாள் டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்றார். எடுத்தாலும் பிழைப்பார் என்று உறுதி சொல்ல முடியாது, எடுக்காவிட்டால் வாய்ப்பு மிகக் குறைவு என்றார். என் கையில் ஒப்புதல் படிவத்தைக் கொடுத்தார்.

"அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லுங்க. அவங்க சொல்றதுதான் முக்கியம். காய்ச்சல் அதிகமாயி அவங்களால யோசிக்க முடியலன்னா, மகள்ங்கிற முறையில நீங்க கையெழுத்துப் போடலாம். நாளைக்குக் காலையில சொல்லுங்க."

அன்று மதியம் அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வேண்டாம் என்றார். உடம்பு சூடு நூற்றிரண்டு இருந்தது. நினைவு தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகச் சில கேள்விகளை யோசித்து வைத்திருந்தேன்.

"அம்மா, இன்னைக்கு என்ன கிழமை?"

"வெள்ளி."

"வியாழன்மா."

"நீ வேலைக்குப் போவாம இங்க ஒக்காந்துக்கினு இருக்க. அது வெள்ளியா இருந்தா இன்னா, வியாழனா இருந்தா இன்னா?"

இதைத் தெளிவு என்று குறித்துக்கொள்வதா, குழப்பம் என்று குறித்துக்கொள்வதா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பிறகு அவர் என் கையில் இருந்த படிவத்தைப் பார்த்தார்.

"எங்கிட்ட எதையும் மறைச்சு அதுல கைநாட்டு வாங்கிடாத. நான் ஒருத்தருக்கு அப்பிடிப் பண்ணிட்டேன்."

யாருக்கு என்று கேட்டேன்.

"அண்ணனுக்குத்தான்."

அம்மா அண்ணன் என்று அழைத்தது ஒருவரைத்தான். நடந்ததாக அம்மா சொன்னது இது. மாமா இரண்டு நாளாகக் காலை எடுக்கக் கூடாது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் வெளி மாநிலத்துக்காரர். வார்டில் புதிதாக ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்த அவசரத்தில், நீ உன் மொழியில் எடுத்துச் சொல்லிக் கைநாட்டு வாங்கு என்று ஆங்கிலத்தில் அச்சடித்த தாளை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். மாமாவின் இடது கட்டைவிரல் மட்டும்தான் கட்டுக்கு வெளியே இருந்தது.

"இதுல இன்னா எழுதியிருக்குதுன்னு கேட்டுச்சு. புண்ணுக்குள்ள இரும்புத் துண்டு கெடக்குது, அத எடுத்துட்டுக் கழுவறதுக்குன்னு சொன்னேன். முழுசாப் படின்னு சொல்லுச்சு. படிச்சேன். அதுல இல்லாததப் படிச்சேன். வெரலப் புடிச்சு நான்தான் வெச்சேன்."

"ஏம்மா?"

"அதுக்கு முந்தின வாரம் ஒருத்தன் வேணாம் வேணாம்னு சொல்லிக்கினே போயிட்டான். வார்டுல அழக் கூடாதுன்னுட்டாங்க. கக்கூசுல போயி அழுதேன்."

"அப்புறம் மாமா உன்னைக் கேக்கலியா?"

"கண்ணு முழிச்சதும் போர்வையத் தடவிப் பாத்துச்சு. என்னப் பாத்துச்சு. தண்ணி குடுன்னுச்சு. அவ்வளவுதான்."

"நீ அப்படிச் செஞ்சதாலதான மாமா இன்னைக்கு உயிரோட இருக்காரு? அது சரிதானம்மா?"

"சரிதான்."

"அப்ப உனக்கும்..."

"எனக்குப் பண்ணாத."

மறுநாள் காலை முதல் பேருந்தில் மாமா கண்டாச்சிபுரத்திலிருந்து வந்துவிட்டார். படிவம் இன்னும் கையெழுத்தில்லாமல் என் கையில் இருப்பதைப் பார்த்ததும் வராந்தாவிலேயே கத்தினார்.

"ஜல்தி போடு பாப்பா! இன்னாத்துக்குக் கையில வெச்சுக்கினு நிக்கிற?"

"அம்மா வேணாம்னு சொல்றாங்க மாமா."

"கேட்டா வேணாம்னுதான் சொல்லுவாங்க! கேப்பாங்களா? உங்கம்மா உன் எடத்துல இருந்திருந்தா கேட்டுக்கினா நின்னிருக்கும்?"

நான் கையெழுத்துப் போடவில்லை. டாக்டரிடம் அம்மா மறுக்கிறார் என்று சொன்னேன். மருந்தாலேயே முடிந்தவரை பார்த்தார்கள். எட்டாம் நாள் காலை, கோயில் மணி அடிக்கும் நேரத்தில் அம்மா இறைவனில் இளைப்பாறினார். இரண்டு கால்களோடும் அவரை அடக்கம் செய்தோம்.

பிறந்த வீட்டுக் கோடியை மாமாதான் கொண்டுவந்தார். அரக்கு நிறப் புடவை. அதை அம்மாமேல் போர்த்திவிட்டு, செயற்கைக் காலை ஊன்றிச் சிரமப்பட்டுக் குனிந்து, நெற்றியில் சிலுவை வரைந்தார். அவர் எங்கள் மதத்தவர் இல்லை. வார்டில் அம்மா செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. முப்பதாம் நாளுக்கும் அவர் வரவில்லை.

வராந்தாவில் அவர் கத்திய கடைசி வாக்கியம் இந்த மலருக்காக எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அம்மா கேட்டுக்கொண்டு நின்றிருக்கமாட்டார் என்று மாமாவுக்கு எப்படித் தெரியும்? தாளில் என்ன இருந்தது என்று அவருக்கு முன்பே தெரியுமா? தெரிந்தால், எடுத்துருங்க சார் என்று தானே சொன்னதாக ஏன் இத்தனை கல்யாணங்களில் சொன்னார்? தெரியாது என்றால், அம்மா மறைத்து வைத்ததை நான் அச்சில் போட்டு அவர் கையிலேயே கொடுக்கலாமா?

போன மாதம் கண்டாச்சிபுரம் போனேன். மாமா கடையில் இருந்தார். அத்தை மட்டும் வாய் நிறைய வரவேற்றார். அம்மா சொன்னதை ஒன்று விடாமல் மாமாவிடம் சொன்னேன். அவர் உர மூட்டையின் தையல் நூலைப் பிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"காய்ச்சல்ல ஏதோ பேசியிருக்கும். நான்தான் பாப்பா எடுக்கச் சொன்னேன்."

"ஆஸ்பத்திரி வராந்தாவுல நீங்க சொன்னது?"

"இன்னா சொன்னேன்?"

சொன்னேன். நூலைப் பிரித்த கை நின்றது. அந்த நேரம் பார்த்து ஒருவர் யூரியா கேட்டு வந்தார். மாமா எழுந்து எடை போட்டுக் கொடுத்து, மழை வருமா வராதா என்று அவரோடு பேசிவிட்டு மெதுவாகத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"புஸ்தகத்துல எழுதப் போறியா?"

"நீங்க வேணாம்னா எழுதல மாமா."

"எழுது. உங்கம்மா சொன்னதையும் எழுது, நான் சொல்றதையும் எழுது. என் கால நான்தான் எடுக்கச் சொன்னேன். உங்கம்மா கால எடுக்க வேணாம்னு அதுதான் சொல்லுச்சு. அவங்கவங்க காலுக்கு அவங்கவங்க சொன்னாங்க. இதுல நடுவுல நீ யாரு?"

"அப்ப என்மேல கோவம் இல்லியா மாமா?"

"கோவம் இருக்குது. அதுக்கு இன்னா இப்ப? உங்கத்தை கொழம்பு வெச்சிருக்குது, சாப்ட்டுட்டுப் போ."

சாப்பிட்டேன். மாமா எதிரில் உட்கார்ந்து என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் சோறு வை என்று அத்தையிடம் இரண்டு முறை சொன்னார்.

ஊருக்குத் திரும்பும் பேருந்தில் எழுதிப் பார்த்தேன். அம்மா சொன்னது காய்ச்சலில் வந்த பேச்சாக இருக்கலாம். அப்படியென்றால், காலை எடுக்க வேண்டாம் என்று சொன்னதும் அதே காய்ச்சலில் வந்த பேச்சுதான். நான் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அம்மா சொன்னது உண்மையாக இருக்கலாம். அப்படியென்றால் அவர் தெளிவாக இருந்தார், நான் செய்தது சரி. ஆனால் மாமா சொல்வது பொய்யாகிறது. மாமா எனக்காக ஒரு பொய்யை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாரா, அம்மாவுக்காகவா, தனக்காகவா? எப்படி வரிசை போட்டாலும் ஒன்று மற்றொன்றின் மேல் இடிக்கிறது. தொழிற்சாலையாக இருந்தால் மறு சோதனைக்கு அனுப்பியிருப்பேன். அதனால் இருவர் சொன்னதையும் இங்கே அப்படியே வைத்திருக்கிறேன். எது நடந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அம்மாவைச் சென்னைக்கு அனுப்பி வைத்த சிஸ்டர் இப்போது இல்லை. அம்மாவோடு கை தூக்கிய மற்ற மூன்று பெண்கள் எங்கிருந்தாலும் அவர்களுக்கு எங்கள் வணக்கம். மருத்துவமனையில் அம்மாவின் காலைச் சுத்தம் செய்யும்போது ஒரு நாளும் முகம் சுளிக்காத செவிலியர்களுக்கு நன்றி. எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்ன டாக்டருக்கு நன்றி. எட்டு நாளும் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த எதிர்வீட்டு அக்காவுக்கும், இரவும் பகலும் உடனிருந்த சித்திக்கும், திருப்பலி நிறைவேற்றிய பங்குத் தந்தைக்கும், தோள் கொடுத்துச் சுமந்தவர்களுக்கும், அங்கன்வாடியிலிருந்து கை பிடித்து வரிசையாக வந்து நின்ற குழந்தைகளுக்கும் நன்றி. கண்டாச்சிபுரம் மாமாவுக்கு நன்றி என்று எழுதினால் அவர் திட்டுவார். இன்று அவர் வந்திருந்தால் முதல் வரிசையில் இடம் விடுங்கள்.

அம்மா, நான் உங்கள் பேச்சைக் கேட்டேன். கேட்டது சரி என்று தோன்றும் நாட்கள் இருக்கின்றன. கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றும் நாட்களும் இருக்கின்றன. எந்த நாட்கள் அதிகம் என்று நான் எண்ணி வைக்கவில்லை.

உங்கள் மகள்